க்ரீன் கார்டு உள்ள அப்பா ஊரில் எட்டு மாதமாக இருக்கிறார்; ஓராண்டுக்குள் ஒருமுறை அமெரிக்கா போய்வந்தால் போதுமா?

போதாது. எங்கள் பக்கத்தில் கார்டு வைத்திருக்கும் பெரியவர்கள் பலரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலையைக் காட்டிவிட்டு வந்தால் போதும் என்றுதான் நம்புகிறார்கள், ஏதோ வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதைப்போல. நாள் கணக்கு உண்டுதான். 180 நாளைத் தாண்டினால் புதிதாக அனுமதி கேட்டு வருபவராகவே நடத்தலாம். ஓராண்டு ஆகிவிட்டால் கார்டை மட்டும் காட்டி உள்ளே போக முடியாது. ஆனால் அதிகாரி முதலில் பார்ப்பது, இவர் நிஜமாகவே குடியிருப்பது எங்கே என்பதைத்தான்.

நாங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள். கார் பருவ நெல் நடவுக்கு வந்தால் அடுத்த பிசானப் பருவ அறுவடை பார்க்காமல் கிளம்ப மனம் வராது. அப்படி ஒருமுறை திரும்பிப் போனபோது, அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிச் சென்னை முத்திரையின்மேல் விரலை வைத்துக்கொண்டு, "உங்கள் வீடு எங்கே?" என்று என் மனைவியிடம் கேட்டார். "பாளையங்கோட்டை" என்றாள், கொஞ்சமும் தயங்காமல். உடனே இருவரையும் தனி அறைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே தாக்கல் செய்த வருமான வரிப் படிவம், வங்கிக் கணக்கு, மகன் வீட்டு முகவரியில் இருந்த ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான், "அடுத்த முறை மறுநுழைவு அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்" என்று விட்டார்கள்.

நீண்ட நாள் வெளியே இருந்துவிட்டுத் திரும்பி நுழைய முன்கூட்டியே வாங்கிவைப்பதுதான் அந்த மறுநுழைவு அனுமதி. அதற்கான படிவம் ஐ-131. அமெரிக்க மண்ணில் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும். அம்பாசமுத்திரத்தில் உட்கார்ந்துகொண்டு மகளை விட்டு அனுப்பச் சொல்வதெல்லாம் நடக்காது. கைரேகைக்கு அழைத்தால் அதையும் அங்கேயே கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். அனுமதியை வெளிநாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு அனுப்பச் சொல்லவும் வழியுண்டு. பொதுவாக 2 ஆண்டுவரை செல்லும். நீட்டிக்க மாட்டார்கள், புதிதாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கடந்த 5 ஆண்டில் 4 ஆண்டுக்கு மேல் வெளியே கழித்தவருக்குப் பெரும்பாலும் ஓராண்டுதான். குடியுரிமை கேட்க அங்கே தொடர்ந்து குடியிருந்த கணக்கு வேண்டும்; இந்த அனுமதி அந்தத் தொடர்ச்சியைக் காப்பாற்றாது. ஓராண்டு வெளியே இருந்தால் அந்தக் கணக்கு அறுந்துவிடும்.

விமான நிலையத்தில் ஐ-407 என்ற தாளை நீட்டினால் கவனம் தேவை. கார்டை நானாக விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக்கொடுக்கும் படிவம் அது. கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குடியேற்ற நீதிபதி முன் விசாரணை கேட்கும் உரிமை உண்டு. நீண்ட பயணத்தில் களைத்துப்போன வயதானவர்கள், வெளியே விட்டால் போதும் என்று போட்டுவிடுகிறார்கள்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்: அப்பாவுக்கு அங்கே இருக்க விருப்பம் உண்டா? வயலும் ஓய்வூதியமும் சிநேகிதர்களும் இங்கே என்றால், கார்டை முறைப்படி ஒப்படைத்துவிட்டுச் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பிப்பது நல்லது என்பேன். கிடைத்தால், ஒரு தடவைக்குப் பெரும்பாலும் 6 மாதம்வரை பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம். விசாவில் அச்சிட்ட கடைசித் தேதி தங்கும் தேதி ஆகாது. உள்ளே நுழையும்போது போடும் ஐ-94 என்ற வருகைப் பதிவில் உள்ள தேதிக்குள் கிளம்ப வேண்டும்.

கார்டு வேண்டும் என்றால் ஓராண்டு முடியும்வரை காத்திருக்காமல் இந்த மாதமே டிக்கெட் போடுங்கள். இவ்வளவு நாள் தங்க நேர்ந்ததற்கு மருத்துவச் சீட்டோ பத்திரப்பதிவுக் காகிதமோ இருந்தால் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம். போய் இறங்கியதும் முதல் வேலையாக ஐ-131 போடச் சொல்லுங்கள்.