அம்பும் ஒரு பதில்தான்

அன்புள்ள ஐயா,

பிரேசில் காட்டில் 26 வருடம் தன்னந்தனியாக வாழ்ந்து இறந்துபோன அந்த ‘குழி மனிதர்’ பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரவெல்லாம் தூக்கமில்லை. ஒரு மனுஷனை அப்படியே விட்டுவிடலாமா? கூட்டிவந்து வைத்தியம் பார்த்து, நாலு பேரோடு வாழவைத்திருக்கக் கூடாதா?

கலைச்செல்வி

அன்புள்ள கலைச்செல்வி,

பிரேசிலின் பழங்குடியினர் துறையான பூனாய்க்கும் முதலில் உங்கள் எண்ணம்தான். 1996-இல் ரொண்டோனியா மாநிலத்தில் அவர் இருப்பது தெரிந்ததும் பலமுறை நெருங்கிப் பார்த்தார்கள். குடிசை இடுக்கிலிருந்து அம்புமுனைதான் வெளியே நீண்டது. 2005-இல் ஓர் ஊழியரின் நெஞ்சில் அம்பு பாய்ந்தது. நல்லவேளை, அவர் பிழைத்துக்கொண்டார். இதைவிடத் தெளிவாக ஒருவர் ‘வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வது?

அவருடைய சனங்களை 1970-களிலிருந்தே நிலம் பிடிக்க வந்தவர்கள் கொன்று தீர்த்தார்கள். அவர் அறிந்த வெளியாட்கள் துப்பாக்கியோடு வந்தவர்கள். அவர்களில் நல்லவர் யாரென்று எதை வைத்துக் கண்டுபிடிப்பார்? அப்புறம், நமக்கு மூன்று நாளில் போகும் சளிக்காய்ச்சல், வெளியுலகத் தொடர்பே இல்லாத சனங்களில் ஊரையே வாரிக்கொண்டு போயிருக்கிறது.

அதற்காக அவரைக் கைவிட்டுவிடவும் இல்லை. தனாரு என்ற அந்தக் காட்டில் சுமார் 8,000 ஹெக்டேருக்குள் யாரும் நுழையக் கூடாதென்று தடை போட்டார்கள். கோடரி, வெட்டுக்கத்தி, விதைகளை வழியில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அவர் மக்காச்சோளமும் மரவள்ளியும் பப்பாளியும் பயிரிட்டார். ஐம்பதுக்கும் மேற்பட்ட குடிசைகளைக் கட்டியிருக்கிறார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஆளுயரத்துக்கு ஒடுக்கமான ஒரு குழி. பதுங்கத்தான் என்றார்கள் சிலர். எனக்கு அது சாமி காரியமாகத்தான் படுகிறது.

2022 ஆகஸ்ட் 23 அன்று அவரைத் தூளியில் இறந்த நிலையில் கண்டார்கள். உடல்மேல் பஞ்சவர்ணக்கிளி இறகுகள். யாரும் வந்துபோன தடயமே இல்லை. செத்தவரைக் குளிப்பாட்டுவது, கோடி உடுத்துவது, மாலை போடுவது எல்லாம் மற்றவர்கள் செய்வது. அவருக்கு அந்த மற்றவர்கள் இல்லை. சாவு வருவதை உணர்ந்து, தானே இறகு சூடிப் படுத்திருக்க வேண்டும். அவர் பேசிய மொழி எதுவென்றோ, அந்த இனத்தின் பெயர் என்னவென்றோ யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்களுடைய முறைமையைக் கடைசி மூச்சு வரை கைவிடாத ஒருவர் இருந்திருக்கிறார். அவரை அநாதை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆய்வுக்கென்று தலைநகர் பிரேசிலியாவுக்கு எடுத்துப்போன உடலை நவம்பரில்தான் திருப்பிக் கொண்டுவந்து அந்தக் காட்டிலேயே புதைத்தார்கள். அதற்குள் பண்ணைக்காரர்கள் நிலத்தைக் கேட்டுக் கிளம்பிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் போனது அந்த இடத்தில்தான்.