வாசகர் கேள்வி பதில்: தொற்றுநோய் ஆய்வுக்கு உள்ளூர் ஆட்களைத் தயார்ப்படுத்துவது எப்படி?

கேள்வி: எங்கள் ஆய்வு நிலையத்துக்கு வெளிநாட்டு நிதி வந்திருக்கிறது. இளம் ஆய்வாளர்கள் இருவரை முனைவர் பட்டத்துக்கு வெளிநாடு அனுப்பலாமா, இங்கேயே வைத்துப் பயிற்சி கொடுக்கலாமா?

பதில்: அனுப்புங்கள், ஆனால் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து அனுப்பிவிடாதீர்கள். 'சாண்ட்விச்' முறை என்பார்கள்: பதிவு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருக்கும். தொடக்கத்தில் ஆறு மாதம் பாடம், முடிவில் சில மாதம் எழுத்து வேலை அங்கே. நடுவிலுள்ள களப்பணி, ஆய்வகப் பணி எல்லாம் சொந்த நாட்டில். நோயாளிகளும் மாதிரிகளும் இருப்பது இங்கேதானே.

இது சறுக்குவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். உள்ளூர் வழிகாட்டி கையெழுத்துக்கு மட்டும் இருந்தால், மாணவர் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் வெளிநாட்டு மின்னஞ்சலுக்காகக் காத்திருப்பார். இன்னொன்று, திரும்பி வருபவருக்கு நாற்காலி இருக்கும், ரீஏஜென்ட் (சோதனைக்கு வேண்டிய ரசாயனங்கள்) வாங்கப் பணம் இருக்காது. அதனால் விமானம் ஏறும் முன்பே மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: பதவி என்ன, ஆய்வக இடம் எது, திரும்பிய பின் முதல் இரண்டு ஆண்டுச் செலவு யார் கணக்கில். பட்டம் வாங்கிய கையோடு ஆளை நிர்வாகக் குழுக்களில் போட்டு முடக்குவதும் நடக்கிறது. அது பயிற்சிப் பணத்தைக் கொட்டிக் கவிழ்ப்பதற்குச் சமம்.

கேள்வி: மாவட்ட அளவில் வேலை பார்க்கும் மருத்துவ அலுவலர்களுக்கு ஆண்டுக்கணக்கில் விடுப்பு கிடைக்காது. அவர்களுக்கு வழி உண்டா?

பதில்: உண்டு. 'சார்ட் இட்' என்ற பயிற்சி முறையைப் பாருங்கள். காசநோய்க்கான சர்வதேச ஒன்றியமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் 2009இல் தொடங்கிய மாதிரி. இப்போது உலக சுகாதார நிறுவனத்தில் இயங்கும் வெப்பமண்டல நோய்களுக்கான சிறப்புத் திட்டம் (1975 முதல் இருப்பது) இதை ஒருங்கிணைக்கிறது. ஒரு வகுப்பில் சுமார் 12 பேர். சுமார் ஓராண்டில் மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றும் ஒரு வாரம் போல: ஆய்வுத் திட்டம் எழுதுவது, தரவைப் பதிந்து அலசுவது, கட்டுரை எழுதுவது. இடைப்பட்ட மாதங்களில் அவரவர் வழக்கமான வேலை நடக்கும்.

இதன் பலம் கண்டிப்புதான். ஒவ்வொரு கட்டத்துக்கும் கெடு உண்டு. தவறினால் அடுத்த கட்டத்தில் இடமில்லை. கடைசி வகுப்பு முடிந்து நான்கு வாரத்துக்குள் கட்டுரை இதழுக்குப் போயிருக்க வேண்டும். புதிதாக மாதிரி சேகரிக்காமல், ஏற்கெனவே பதிவேட்டில் கிடக்கும் தரவையே எடுத்துக்கொள்ளும் கேள்விகள் இதற்குத் தோதானவை. காசநோய்ப் பதிவேட்டில் எத்தனை பேர் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் நடுவில் காணாமல் போகிறார்கள் என்பது நல்ல கேள்வி. புதிய தடுப்பூசி வேலை செய்கிறதா என்பது இங்கே வேலைக்காகாது.

கேள்வி: எல்லா ஆய்வுத் திட்டங்களிலும் மாதிரி எண்ணிக்கை 384 என்றே போடுகிறார்கள். அது என்ன மாய எண்?

பதில்: மாயம் ஒன்றுமில்லை, பழைய திட்டத்திலிருந்து எடுத்து ஒட்டியது. நோய்ப் பரவல் 50 சதவீதம், பிழை வரம்பு 5 சதவீதம், நம்பக அளவு 95 சதவீதம் என்று வைத்தால் (95 சதவீத நம்பகத்துக்கான எண் 1.96), 1.96இன் வர்க்கம் × 0.5 × 0.5 ÷ 0.05இன் வர்க்கம் = 384. பத்து சதவீதம் பேர் பங்கேற்க மறுப்பார்கள் என்றால் 0.9ஆல் வகுக்க, 427 ஆகிறது. ஊர் ஊராகக் கொத்தாகத் தேர்ந்தெடுத்தால் ஒரே ஊர்க்காரர்கள் ஒன்றுபோல இருப்பார்கள். அதற்கு இரண்டால் பெருக்கினால் 854. பரவல் 2 சதவீதம்தான் என்றால் 5 சதவீதப் பிழை வரம்புக்கு அர்த்தமே இல்லை. மாணவர் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டும்வரை திட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: மலேரியா ஆய்வுக்கு மைக்ரோஸ்கோப் பார்ப்பவர்களைப் பயிற்றுவிக்கிறோம். தேர்வில் நன்றாகச் செய்கிறார்கள், களத்தில் எண்ணிக்கை ஒத்துப்போவதில்லை. ஏன்?

பதில்: முதலில் கண்ணைச் சந்தேகிக்காமல் ஸ்லைடைச் சந்தேகியுங்கள். தடித்த ஸ்மியரை (ஸ்லைடில் தடிப்பாகப் பூசிய ரத்தம்) மெத்தனாலில் நிலைப்படுத்தக் கூடாது. அவசரத்துக்கு வெப்பத்தில் உலர்த்தினாலும் அதே கெடுதல்தான், சிவப்பணுக்கள் உடையாமல் நின்று ஒட்டுண்ணியை மறைத்துவிடும். ஒட்டுண்ணிக்கு நிறமேற்றும் ஜீம்சா சாயத்தைக் கரைக்கும் நீரின் பிஎச் (அமில-கார அளவு) 7.2 இருக்க வேண்டும். அமிலப் பக்கம் சாய்ந்தால் வைவாக்ஸ் என்ற மலேரியா இனத்தை அடையாளம் காட்டும் ஷஃப்னர் புள்ளிகள் தெரியாது, இனம் தவறும். சாயம் 3 சதவீதம் என்றால் 30 முதல் 45 நிமிடம், 10 சதவீதம் என்றால் 10 முதல் 15 நிமிடம். பழைய சாயத்தின் வண்டல் படிந்தால், புதியவர் அதையும் ஒட்டுண்ணி என்று எண்ணிவிடுவார்.

அடுத்தது எண்ணும் முறை. 200 வெள்ளணுக்களுக்குள் 100 ஒட்டுண்ணிகளோ அதற்கு மேலோ கிடைத்தால் நிறுத்தலாம். குறைவென்றால் 500 வெள்ளணு வரை போக வேண்டும். ஒருவர் 200இல் நிறுத்தி, இன்னொருவர் 500 வரை போனால் எண்கள் எப்படி ஒத்துப்போகும்? பிறகு, மைக்ரோலிட்டருக்கு 8,000 வெள்ளணு என்ற அனுமானம். 200க்கு 150 ஒட்டுண்ணி என்றால் கணக்கு 6,000 தரும். அந்த நோயாளியின் உண்மை வெள்ளணு எண்ணிக்கை 4,000தான் என்றால் சரியான விடை 3,000. ஆய்வுக்கு ரத்த அணுக் கணக்கும் சேர்த்து எடுப்பது இதனால்தான்.

ஒவ்வொரு ஸ்லைடையும் இருவர், ஒருவர் விடை மற்றவருக்குத் தெரியாமல் பார்க்கட்டும். ஒட்டுண்ணி உண்டா இல்லையா, இனம் எது, இவற்றில் வேறுபட்டாலோ எண்ணிக்கை 25 சதவீதத்துக்கு மேல் விலகினாலோ மூன்றாமவர் பார்க்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பிசிஆர் (மரபணுப் பொருளைப் பெருக்கிக் கிருமியைக் கண்டறியும் சோதனை) ஆய்வகத்தில், எதுவும் காட்டக் கூடாத தண்ணீர்க் கட்டுப்பாட்டு மாதிரியே பாசிட்டிவ் காட்டுகிறது.

பதில்: ஒன்று போதாது, மூன்று வையுங்கள். மாஸ்டர்மிக்ஸ் (மாதிரி சேர்க்கும் முன் தயாரிக்கும் ரீஏஜென்ட் கலவை) அறையிலேயே மூடிவிடும் குழாய் ஒன்று. மாதிரி சேர்க்கும் அறையில் கடைசிவரை திறந்திருந்து கடைசியில் மூடும் குழாய் ஒன்று. மரபணுப் பொருளைப் பிரித்தெடுக்கும் கட்டத்திலேயே மாதிரிக்குப் பதில் தண்ணீர் போட்டது ஒன்று. முதலாவது பாசிட்டிவ் என்றால் ரீஏஜென்ட் கெட்டது, திறந்த குழாய்கள் அத்தனையும் குப்பைக்கு. இரண்டாவதும் மூன்றாவதும் மட்டும் என்றால் மாதிரி சேர்க்கும் மேசையையோ பைப்பெட்டையோ பாருங்கள். மூன்றாவது மட்டும் என்றால் பிரித்தெடுக்கும் இடம்.

வேலை ஒரே திசையில் நகர வேண்டும்: மாஸ்டர்மிக்ஸ், மாதிரி, பெருக்கம். பெருக்க அறையிலிருந்து அதே நாளில் முதல் அறைக்கு ஆளும் திரும்பக் கூடாது, பேனாவும் திரும்பக் கூடாது. மேசையை 0.5 சதவீத ஹைப்போகுளோரைட்டில் (ப்ளீச்) துடைத்துப் பத்து நிமிடம் விட்டு, பிறகு 70 சதவீத எத்தனால். நீர்த்த கரைசல் நாளடைவில் வீரியம் இழக்கும், தினமும் புதிதாகக் கலக்குங்கள். ஆர்.என்.ஏ. பிரிக்கும் குவானிடின் தையோசயனேட் கழிவில் மட்டும் ஹைப்போகுளோரைட்டை ஊற்றிவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

கேள்வி: கூட்டாய்வில் எங்கள் மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பக் கேட்கிறார்கள். என்ன கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: 1976இல் அன்றைய ஸயரில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) யாம்புக்குவில் பரவிய நோயை (பின்னர் எபோலா என்று பெயர் பெற்றது) நேரில் போய்ப் பார்த்தவர்களில் அந்நாட்டு ஆய்வாளர் ஜான்-ஜாக் முயெம்பே ஒருவர். அங்கிருந்து கின்ஷாசாவுக்குக் கொண்டுவரப்பட்ட கன்னியாஸ்திரியின் ரத்தம் தெர்மாஸ் குடுவையில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகருக்குப் போனது. எபோலாவைக் கண்டுபிடித்த பெருமை நெடுங்காலம் வெளிநாட்டினருக்கே சேர்ந்தது. பின்னர் 1995இல் அதே நாட்டின் கிக்விட்டில் நோயிலிருந்து மீண்ட ஒருவரின் ரத்தத்திலிருந்து வந்த எதிர்ப்பொருளை மருந்தாக்குவதில் முயெம்பேயே பங்காளியாக இருந்தார். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது.

எனவே மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: ஒவ்வொரு மாதிரியிலும் பாதி அலிக்கோட் (பிரித்து வைத்த பங்கு) இங்கேயே தங்கும், அங்கே செய்யும் சோதனைகளின் பட்டியல், அதற்கு மேல் செய்ய மீண்டும் அனுமதி, மிச்சத்தை எந்தத் தேதிக்குள் திருப்புவது அல்லது அழிப்பது, மரபணுத் தரவு எங்கே, யார் பெயரில் பதியப்படும், முதல் ஆசிரியர் யார், உங்கள் ஆள் ஒருவர் அந்த ஆய்வகத்துக்குப் போய் அந்தச் சோதனையைக் கற்றுவர விமானக் கட்டணமும் தங்கும் செலவும். கடைசி வரியை எதிர்த்தரப்பு 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று அடித்தால், உலர்பனிப் பெட்டியை மூடும் முன் மறுபடி எழுதச் சொல்லுங்கள்.