காந்தமும் மீக்கடத்தியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இயற்பியலாளர் ஃபிராங்க் ஸ்டெக்லிச் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் முதுகலை இயற்பியல் மாணவன். சுமார் அரை கெல்வினில் (கிட்டத்தட்ட மைனஸ் 273 டிகிரி செல்சியஸில்) மட்டும் மீக்கடத்தியாகும், அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும், எந்தக் கருவிக்கும் உதவாத ஒரு சேர்மத்துக்காக ஒருவர் இத்தனை வருடம் உழைக்க வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

அந்தச் சேர்மத்தை வைத்து யாரும் கருவி செய்யப்போவதில்லை, சரி. ஆனால் 1979-ல் ஸ்டெக்லிச் குழு அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டபோது அது எதைப் புரட்டிப் போட்டது என்று பாருங்கள்.

மீக்கடத்தியில் எலெக்ட்ரான்கள் எதிரெதிர் ஸ்பின்னோடு (எலெக்ட்ரானின் சிறு காந்தத்தன்மையின் திசை என்று கொள்ளலாம்) ஜோடி சேர்கின்றன. காந்த அணு அந்த ஜோடியைப் பிரித்துவிடும். வழக்கமான மீக்கடத்தியில் நூற்றுக்கு ஓரிரு காந்த அணுக்கள் கலந்தாலே பெரும்பாலும் கதை முடிந்தது. ஸ்டெக்லிச் குழுவின் சீரியம்-செம்பு-சிலிக்கான் சேர்மத்திலோ ஐந்தில் ஓர் அணு சீரியம், அதாவது காந்த அணு. அது மீக்கடத்தியானது!

பலர் நம்பவில்லை. சந்தேகம் நியாயமானதுதான். மின்தடை பூஜ்யமாக, சோதிக்கும் துண்டுக்குள் மீக்கடத்தியான வேறொரு சேர்மம் மெல்லிய இழையாக ஓடினாலே போதும். அதனால் மின்தடையை மட்டும் வைத்து அவர்கள் பேசவில்லை, வெப்ப ஏற்புத்திறனையும், அதாவது வெப்பநிலையை உயர்த்த எவ்வளவு வெப்பம் தேவை என்பதையும், அளந்தார்கள். அது துண்டு முழுவதற்குமான கணக்கு, இழை அதை ஏமாற்ற முடியாது. மீக்கடத்தலாகும் இடத்தில் அது பெரிதாகத் தாவியது. சாதாரண எலெக்ட்ரானைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு நிறை உள்ளவைபோல் நடந்துகொள்ளும் எலெக்ட்ரான்களே ஜோடி சேர்ந்தால்தான் அவ்வளவு பெரிய தாவல் வரும். அப்புறம், சீரியத்துக்குப் பதில் காந்தத்தன்மை இல்லாத லாந்தனத்தைப் போட்டுப் பார்த்தார்கள். பழைய விதிப்படி அதுதான் மீக்கடத்தியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. எனக்கு இந்த ஒப்பீடுதான் அந்தக் கட்டுரையின் உயிர்.

செம்பின் அளவு கொஞ்சம் குறைந்தாலும் மீக்கடத்தல் காணாமல் போனது கூடுதல் தலைவலி. 1983-ல் யுரேனியம்-பெரிலியம் சேர்மம் ஒன்றிலும் இதே போன்ற மீக்கடத்தல் தெரிந்த பிறகுதான் சந்தேகக் குரல்கள் அடங்கின.

1986-ல் செம்பு ஆக்சைடு மீக்கடத்திகள் வந்தன, 2008-ல் ஜப்பானிய விஞ்ஞானி ஹோசோனோவின் இரும்புச் சேர்மம் 26 கெல்வினில் வந்தது. இரண்டிலும் மீக்கடத்தலுக்குப் பக்கத்திலேயே காந்தம் நின்றது. காந்தமே ஜோடி சேர்த்து வைக்குமா என்ற கேள்வியை அதற்குள் ஸ்டெக்லிச்சின் சேர்மம் எழுப்பிவிட்டிருந்தது. 1996-ல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகம் ஒன்றின் நிறுவன இயக்குநரான பிறகும் அவர் இதே கேள்வியைத்தான் துரத்தினார். இன்றும் அது முழுதாகத் தீரவில்லை.

1979 கட்டுரை சில பக்கங்கள்தான். படிக்கும்போது மின்தடை வரைபடத்தைத் தாண்டி, முதலில் வெப்ப ஏற்புத்திறன் வரைபடத்தைப் பாருங்கள். ஏதாவது புரியவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள்.