பத்தாவது நிமிடத்தில் பிடி நழுவுகிறதா?

கேள்வி: இளநிலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் துறையில் வாராவாரம் நடக்கும் வானியற்பியல் ஆய்வுரைகளுக்கு விடாமல் போகிறேன். பத்து நிமிடத்துக்கு மேல் ஒன்றும் தலையில் ஏறுவதில்லை. கேள்வி கேட்கவும் பயம். தொடர்ந்து போவதில் பயன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அறிவிப்பில் ‘கொலோக்கியம்’ என்று போட்டிருக்கிறதா, ‘செமினார்’ என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் முன்னது துறை முழுவதற்கும். பின்னது அந்தச் சின்ன வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு. செமினாரில் பிடி நழுவினால் அது உங்கள் குறையல்ல. விண்மீன் நிறமாலைகளைப் பற்றிய செமினாரில் அண்டவியல் பேராசிரியரும் தடுமாறுவார். வெளியே காட்டிக்கொள்ள மாட்டார், அவ்வளவுதான்.

போவதற்கு முன் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். உரைச் சுருக்கத்தில் தெரியாத சொற்கள் பத்து இருந்தால் மூன்றை மட்டும் தேடிப் படித்தால் போதும். பேச்சாளரின் அண்மைக் கட்டுரை அநேகமாக ஆர்க்கைவ் (arXiv) என்ற ஆய்வுக்கட்டுரைத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதைப் படிக்க வேண்டாம், படங்களையும் அவற்றின் கீழுள்ள குறிப்புகளையும் மட்டும் பாருங்கள். அவற்றில் குறைந்தது இரண்டு மூன்று படங்கள் திரையில் வரும். தெரிந்த முகத்தைக் கூட்டத்தில் பார்த்தது போல இருக்கும்.

அரங்கில் வரைபடம் வந்ததும் புள்ளிகளை விட்டுவிட்டு அச்சுகளைப் படியுங்கள். வானியலாளர்களின் அச்சுகள் கொஞ்சம் கோணல் புத்தி கொண்டவை. விண்மீனின் ஒளியைக் குறிக்கும் மேக்னிட்யூட் அளவில் எண் குறையக் குறைய ஒளி கூடும். 5 எண் வித்தியாசம் என்றால் 100 மடங்கு. விண்மீன்களின் வெப்பநிலையையும் ஒளிர்வையும் காட்டும் ஹெர்ட்ஸ்பிரங்–ரஸ்ஸல் படத்தில் வெப்பநிலை இடப்பக்கம் போகப் போக ஏறும். ‘உலோகம்’ என்றால் ஹைட்ரஜன், ஹீலியம் தவிர எல்லாமே, ஆக்சிஜன் உட்பட. மடக்கை அச்சில் ‘0.3 டெக்ஸ் தள்ளியிருக்கிறது’ என்று போகிற போக்கில் சொல்வார்கள்; ஒரு டெக்ஸ் என்றால் பத்து மடங்கு, ஆகவே 0.3 டெக்ஸ் என்பது இரண்டு மடங்கு வித்தியாசம்! கோட்டோடு ஒட்டி நிற்பது போலத் தெரியும் புள்ளிக்கும் கோட்டுக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி இருக்கலாம். இதை ஒருமுறை பார்க்கப் பழகிவிட்டால் பாதி உரை உங்கள் கைக்குள்.

கேள்விப் பயத்துக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். 1991-இல் பிரிட்டிஷ் வானியலாளர் ஆண்ட்ரூ லைனின் குழுவினர் பிஎஸ்ஆர் 1829-10 என்ற பல்சரை (சீரான ரேடியோ துடிப்புகளை அனுப்பும் சுழலும் விண்மீன் எச்சம்) ஒரு கோள் சுற்றுவதாக அறிவித்தார்கள். சுற்றுக்காலம் ஆறு மாதம். ‘அது பூமியின் சுற்றுக்காலத்தில் சரிபாதி ஆயிற்றே?’ என்று கேட்க முனைவர் பட்டம் தேவையில்லை. உண்மையில் சிக்கல் அங்கேதான் இருந்தது: துடிப்புகள் வந்துசேரும் நேரத்தைக் கணக்கிடும்போது, பூமி நீள்வட்டத்தில் சுற்றுவதற்கான திருத்தத்தைச் சரியாகச் செய்யவில்லை. 1992 ஜனவரியில், அட்லாண்டாவில் நடந்த அமெரிக்க வானியல் கழகக் கூட்டத்தில், லைனே மேடையேறி அதை ஒப்புக்கொண்டார்; அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அதே கூட்டத்தில் அடுத்துப் பேசிய போலந்து வானியலாளர் அலெக்சாண்டர் வோல்ஷ்சான் வேறொரு பல்சரைச் சுற்றும் கோள்களைப் பற்றிச் சொன்னார். அவை இன்றுவரை நிற்கின்றன.

ஆகவே உங்கள் கேள்வி இந்த ரகத்தில் இருக்கட்டும்: இந்த எண்ணை எப்படி அளந்தீர்கள்? கருவியோ பூமியோ நடுவிலுள்ள தூசியோ இதே சமிக்ஞையைத் தந்துவிடாதா? பிழைப் பட்டையில் எதையெல்லாம் சேர்த்திருக்கிறீர்கள்? மூன்றாவதைக் கேட்டால் சில பேச்சாளர்கள் கொஞ்சம் நெளிவார்கள். நெளியட்டும். தன் அறிவைக் காட்டுவதற்காக இரண்டு நிமிடம் நீளும் கேள்விதான் யாருக்கும் பிடிக்காது.

நோட்டில் எல்லாவற்றையும் எழுதாதீர்கள். புரியாத இடத்தில் ஸ்லைடு எண்ணை மட்டும் குறித்து வையுங்கள். கேள்வி நேரத்தில் ‘17-வது ஸ்லைடை மறுபடி காட்ட முடியுமா?’ என்று தொடங்கினால் பேச்சாளர் பின்னோக்கிப் புரட்டுவார். அந்தச் சில நொடிகளில் உங்கள் குரல் நடுக்கம் நின்றிருக்கும்.