ஸ்கோப்பைக் குறை சொல்லும் முன்…

ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் 50 குண்டுகளுக்குள் குறி விலகுகிறது, ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) மாற்றட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து பொறுங்கள். இந்த வகைத் துப்பாக்கி முதலில் பின்னுக்கு உதைக்கும், ஸ்பிரிங் தள்ளும், காற்றை அழுத்தும் பிஸ்டன் முன்னே போய் முட்டியதும் முன்னுக்கு இழுக்கும். இந்த இரட்டை அதிர்வில், ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் மவுண்ட் மயிரிழை மயிரிழையாகப் பின்னால் நகரும். அதன் பின்விளிம்பை ஒட்டி ரயிலில் (துப்பாக்கியின் மேல் மவுண்ட் பொருந்தும் பகுதியில்) மெல்லிய கோடு போட்டுவிட்டுச் சுடுங்கள். கோடு மறைந்தால் மவுண்ட்தான் காரணம்.

11 மி.மீ. டவ்டெயில் (ஓரங்கள் சாய்வாக வெட்டிய) ரயிலில், மவுண்ட் நகராமல் நிறுத்தும் தடுப்பு ஊசிக்கான துளை இருந்தால், அந்த ஊசியுள்ள ஒற்றைத் துண்டு மவுண்டையே வாங்குங்கள். திருகின் பிடியை மட்டும் நான் நம்புவதில்லை. பொருத்தும் முன் ரயிலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். ஸ்கோப்பைச் சுற்றிப் பிடிக்கும் வளையங்களின் திருகுகளை மாற்றி மாற்றி, சிறுகச் சிறுக முறுக்குங்கள். மிகையாக இறுக்கினால் ஸ்கோப் குழாய் நசுங்கிவிடும்.