சிண்டிகேட்: சிவப்புப் பட்டையை எப்போது இழுப்பது?

கேள்வி: 1993-இல் வந்த சிண்டிகேட் என்ற கணினி ஆட்டத்தை, பழைய டாஸ் ஆட்டங்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாக்ஸ்பாக்ஸ் மென்பொருளில் ஆடுகிறேன். என் படையின் நாலு ஏஜென்ட்டையும் ஓட ஓட விரட்டுகிறேன். பாதி மிஷனில் சோர்ந்துபோய் வரிசையாகச் சாகிறார்கள். ஆயுதம் வாங்கக் காசும் இல்லை. என்ன செய்யலாம்? (திருத்துறைப்பூண்டி வாசகர்)

பதில்: ஓட ஓட விரட்டுகிறேன் என்கிறீர்களே, கோளாறு அங்கேதான்.

ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் மூன்று பட்டைகள் உண்டு. சிவப்பு அட்ரினலின், ஓட்டத்துக்கு. நீலம் பெர்செப்ஷன், குறி தப்பாமல் சுட. மூன்றாவது இன்டெலிஜென்ஸ், நீங்கள் சொல்லாமலே தன்னைக் காத்துக்கொள்ள. பட்டையை வலப்பக்கம் இழுத்தால் மருந்து ஏறும். ஆனால் உடம்பு அதற்குப் பழகப் பழக வேகம் இறங்கிவிடும். உற்றுப் பார்த்தால் பட்டையில் கோடு நகர்வது தெரியும். அதற்கப்புறம் எவ்வளவு இழுத்தும் பிரயோசனமில்லை, இடப்பக்கம் தள்ளி ஓய்வு கொடுத்தால்தான் தெளிவார்கள்.

நீங்கள் கடைமடைக்காரர், முறைத்தண்ணீர் தெரியாதவர் இல்லை. ஒரு வாய்க்காலுக்கு விடும்போது இன்னொன்றை அடைக்கிறோம் அல்லவா? அதே கணக்குதான். மூன்று பேரைத் தெருமுனையில் நிறுத்தி ஓய்வில் விடுங்கள். ஒருவரை மட்டும் முன்னே அனுப்புங்கள். எதிரி தென்பட்டதும் பட்டையை இழுங்கள், சண்டை முடிந்ததும் உடனே இறக்குங்கள்.

காசு விஷயத்துக்கு வருவோம். நீங்கள் கைப்பற்றிய நாடுகளின் வரியை ஏற்றுங்கள், ஆனால் மக்கள் மனநிலையைப் பார்த்துப் பார்த்து ஏற்றுங்கள். அளவு மீறினால் கலகம் வெடித்து அந்த நாடு கைவிட்டுப் போகும், அதே மிஷனை மறுபடி ஆட வேண்டியிருக்கும். வரைபடத் திரையில் கொஞ்ச நேரம் சும்மா காத்திருந்தாலே நாள் நகரும், வரி சேரும், ரிசர்ச்சும் வளரும். அவசரப்பட்டு அடுத்த மிஷனுக்குள் குதிக்காதீர்கள். முதல் காசில் ஏஜென்ட்டுகளுக்குச் செயற்கைக் கால்களை வாங்கி மாட்டுங்கள், ரிசர்ச்சில் உஸி என்ற தானியங்கித் துப்பாக்கியை முதலில் எடுங்கள். அதைவிடப் பெரிய துப்பாக்கியான மினிகன் அதன் பின்னால் வரும்.

எனக்கு மிகப் பிடித்த ஆயுதம், ஆட்களின் மனதை வசப்படுத்தும் பெர்சுவேடர்ட்ரான். பலர் அதைத் தொடுவதே இல்லை, அது பெரிய நஷ்டம். அதைக் கையில் எடுத்துத் தெருவில் நடந்தால் போகிறவர் வருகிறவர் எல்லாம் உங்கள் பின்னால் வரத் தொடங்குவார்கள். துப்பாக்கி வைத்திருக்கும் யாராவது செத்து விழுந்தால், கூட்டத்தில் ஒருவர் குனிந்து அந்தத் துப்பாக்கியை எடுத்துக்கொள்வார், அப்புறம் உங்களுக்காகச் சுடுவார்! கூட்டம் பெருகினால் காவலர்களும் மசிவார்கள், இன்னும் பெருகினால் எதிரி ஏஜென்ட்டே வசப்படுவார். மிஷனை ஜெயித்தால் அவர் உங்கள் படையில் சேர்ந்துவிடுவார். பொறுக்கி வந்த ஆயுதங்களை விற்றும் காசு பார்க்கலாம்.

ஆட்டம் கண்மண் தெரியாமல் ஓடினால் கன்ட்ரோலோடு எஃப்11 அழுத்துங்கள், வேகம் குறையும். மந்தமானால் கன்ட்ரோலோடு எஃப்12. கடைசி மிஷனான அட்லாண்டிக் ஆக்சிலரேட்டரில் மாட்டிக்கொண்டால் மறுபடி எழுதுங்கள், அதற்குத் தனியாகவே பதில் சொல்ல வேண்டும்.