அத்தையை ஏன் உள்ளே அனுப்பினீர்கள்?

கேள்வி: என் மகன் ஜெர்மனியில் மியூனிக் நகரத்தில் வேலை பார்க்கிறான். போன பொங்கலுக்கு, அவனோடு வேலை செய்யும் ஒரு கணவன் மனைவியைத் தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தான். 8 நாள் இருந்தார்கள். நல்லவர்கள்தான். ஆனால் நாங்கள் தலையாட்டுவது, கையைக் கவிழ்த்து ஆளைக் கூப்பிடுவது, காலில் பட்ட செய்தித்தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது என்று எதைப் பார்த்தாலும் சிரிப்பு. என் மாமியார் அந்தப் பெண்ணின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தபோது விழுந்து விழுந்து சிரித்தாள். என் மகனும் சேர்ந்து சிரித்தான். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் அவர்கள் கிளம்பும்வரை அத்தையைப் பின்கட்டு அறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டேன், அவரும் ஒன்றும் சொல்லவில்லை. இடது கையால் பரிசை நீட்டினார்கள், அதையும் பொறுத்துக்கொண்டேன். வரும் பொங்கலுக்கும் வருகிறார்களாம். நம் பழக்கங்களைப் பார்த்துச் சிரிக்காதீர்கள் என்று அவர்கள் மனம் கோணாமல் எப்படிச் சொல்வது?

– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: விருந்தாளிகள் எதற்கெல்லாம் சிரித்தார்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறீர்கள். மாமியாரைப் பின்கட்டுக்கு அனுப்பியதை மட்டும் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

அவர்கள் வந்த எத்தனையாவது நாளில் அது நடந்தது? இரண்டாம் நாள் என்றால் மிச்சம் 6 நாள். பொங்கல் பானைக்கு மஞ்சள் கொத்துக் கட்டும்போது அத்தை எங்கே இருந்தார்? பால் பொங்கியபோது முற்றத்தில் இருந்தாரா, கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாரா? அந்த வீட்டுக்கு உங்களை மருமகளாக அழைத்து வந்தவர் அவர். உங்கள் மகனுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரிகளில் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டதும் அவராகத்தான் இருக்கும். அவரை, எட்டு நாள் தங்க வந்தவர்கள் கண்ணில் படாமல் வைத்தீர்கள்.

‘அவரும் ஒன்றும் சொல்லவில்லை’ என்கிறீர்கள். என்ன சொல்வார்? பேரன் அழைத்து வந்த விருந்தாளிகள் முன்னால் வீட்டு மானம் போகக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருப்பார். நம் வீடுகளில் வயதானவர்கள் வருத்தத்தை அப்படித்தான் விழுங்குகிறார்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள நமக்கு வசதியாக இருக்கிறது. இதே மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. பெண் பார்க்க வருகிறார்கள், மகனின் மேலதிகாரி வருகிறார், என்ன காரணமானாலும் முதலில் உள்ளே போகச் சொல்லப்படுபவர் பாட்டிதான்.

அந்தப் பெண் சிரித்ததைப் பெரிய குற்றமாக என்னால் பார்க்க முடியவில்லை. முன்பின் தெரியாத ஒரு பாட்டி கன்னத்தை வழித்துத் தன் பொட்டில் விரல்களை வைத்து அழுத்த, படபடவென்று நெட்டி முறிகிறது. பார்த்ததே இல்லாத ஒருத்திக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? பிடிக்காதவர்களுக்கு யாரும் நெட்டி முறிப்பதில்லை, சத்தம் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம், அதைப் பாட்டி தன் கைக்கு வாங்கிக்கொண்டாள். இதை அவளுக்கு யார் சொன்னது?

சொல்லியிருக்க வேண்டியவன் உங்கள் மகன். அவனுக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஜெர்மனியில் ஒருவர் பரீட்சைக்கோ நேர்முகத் தேர்வுக்கோ போகிறார் என்றால், அவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்று மற்றவர்கள் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். கல்லூரியில் பாடம் முடிந்தால் கைதட்டாமல் மேசையைத் தட்டுவார்கள். உங்கள் மகன் அங்கே போன புதிதில் இதையெல்லாம் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்க மாட்டான். கவனித்துக் கற்றுக்கொண்டிருப்பான். தன் பாட்டி விஷயத்தில் மட்டும் விருந்தாளிகளோடு சேர்ந்து சிரித்திருக்கிறான். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். கட்டைவிரலை மடக்குவதும் நெட்டி முறிப்பதும் ஒரே அக்கறைதான் என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால், அந்தப் பெண் பாட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பாள். அவனுக்கு நீங்கள் இதை எழுதுங்கள். நாசூக்கெல்லாம் வேண்டாம், அம்மாவாக எழுதுங்கள்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். நாம் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினால் ‘சரி’ என்றும் இருக்கும், ‘ம், சொல்லுங்கள்’ என்றும் இருக்கும். வெளியூர்க்காரர்கள் குழம்பத்தான் செய்வார்கள். பல்கேரியாவில் மேலும் கீழும் தலையசைத்தால் ‘இல்லை’ என்று பொருள், அங்கே போனால் நாமும் குழம்புவோம். கையைக் கவிழ்த்து ‘வா’ என்று கூப்பிட்டால், அவர்களுக்கு அது ‘போ’ என்று துரத்துவது போலத் தெரியும். சொன்னால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். தை மாதம்தானே வருகிறார்கள், திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை நாள் ஒத்துவந்தால் அழைத்துப் போங்கள். பந்தல் முழுக்கத் தலைகள் அசைவதையும், சுண்டுவிரலில் தொடங்கித் தாளம் எண்ணுவதையும் பார்க்கட்டும். அவர்கள் ஊரில் ஒன்று என்று எண்ணத் தொடங்குவது கட்டைவிரலில்.

ஆனால் அதற்கெல்லாம் இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அத்தையிடம் இன்றைக்கே போய் உட்காருங்கள். ‘அன்னைக்கு உங்களை உள்ளே இருக்கச் சொன்னது என் தப்பு அத்தை’ என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். விருந்தாளிகளுக்காகத்தான், உங்கள் நல்லதுக்குத்தான் என்று காரணம் எதுவும் சேர்க்காதீர்கள். அவர் ‘அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா’ என்பார். நம்பி எழுந்து வந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரம் பக்கத்திலேயே இருங்கள். வரும் பொங்கலுக்கு அவர்கள் வாசலில் இறங்கும்போது ஆரத்தித் தட்டு அத்தை கையில் இருக்கட்டும்.

இடது கையால் பரிசு நீட்டியதைப் பொறுத்துக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் பொறுக்க ஒன்றுமில்லை, அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மறுபடி நீட்டினால் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். உங்கள் மகன் சின்னப் பையனாக இருந்தபோது அவன் இடது கையிலிருந்ததை மெல்ல வாங்கி வலது கையில் வைத்துப் பழக்கியது யார்? அவரே பார்த்துக்கொள்வார்.